ஆலிஸுக்குத் தலை வாரிவிட்ட கதை

பிரஷ்ஷை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள் அந்தப் பெண். "கொஞ்சம் வாரிவிடுகிறீர்களா?" என்று கேட்டாள். கதவு சாத்தியிருந்தது. எங்கள் ஊர் வீட்டுச் சமையலறை அளவுக்குத்தான் அந்த அறை. மங்கலான விளக்கு, பழைய மரச்சாமான்கள், நாங்கள் இரண்டு பேர். டிக்கெட் வாங்கி நாடகம் பார்க்க வந்தவள் நான், ஆலிஸாக நடிப்பவள் அவள். ஆனால் அந்த நிமிடம் வேலை என் கையில் இருந்தது.

தலை வாருவது எனக்குப் புதிதில்லை. இரண்டு தங்கைகளுக்குத் தினமும் எட்டு மணிப் பஸ்ஸுக்குள் இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் மடித்துக் கட்டிய கை இது. உச்சியில் ஆரம்பித்து இழுத்தால் வலிக்கும் என்று அதற்கே தெரியும். நுனியிலிருந்து சிக்கெடுக்கத் தொடங்கிவிட்டது. நாலைந்து முறை வாரியிருப்பேன். திரும்பாமலே அவள் கேட்டாள்: "நீங்கள் முதன்முதலில் காதலில் விழுந்தது எப்போது?"

நான் பொய் சொன்னேன்.

"கல்லூரியில்" என்றேன். "நூலகத்தில் பார்த்தேன்." எங்கள் கல்லூரி நூலகத்தில் பையன்களுக்கு மதியம் வரை, பெண்களுக்கு மதியத்துக்கு மேல். காதலில் விழ வேண்டுமென்றால் இரண்டு பேரில் ஒருவர் சாப்பாட்டு நேரத்தைத் தியாகம் செய்திருக்க வேண்டும். அதெல்லாம் அவளுக்குத் தெரியவா போகிறது? "அவனிடம் சொன்னீர்களா?" என்றாள். "இல்லை" என்றேன். அது மட்டும் உண்மை. இல்லாத ஒருவனிடம் எப்படிச் சொல்வது?

2016 பிப்ரவரியில், நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்தது இது. நாடகத்தின் பெயர் 'தென் ஷி ஃபெல்'. 'அப்புறம் அவள் விழுந்தாள்' என்று சொல்லலாம். எங்கள் பக்கம் ஒரு பெண் விழுந்துவிட்டாள் என்று சேதி வந்தால், எந்தக் கிணற்றில் என்றுதான் கேட்பார்கள். இந்த நாடகத்துக்கு மூலமான 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கதையில் ஆலிஸ் விழுந்ததும் கிட்டத்தட்டக் கிணறு மாதிரி ஒரு முயல் வளைக்குள்தான். அதனால் தலைப்பு எனக்கு முதலிலேயே பிடித்திருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

என்னை அனுப்பி வைத்தது அலுவலகத் தோழி ஒருத்தி. "ஒரு காட்சிக்குப் பதினைந்து பேர்தான். கணவரோடு போனாலும் பிரித்துவிடுவார்கள், தனியாகவே போ" என்றாள். டிக்கெட் விலையைக் கேட்டதும் வீட்டில் அவர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல், "ரெண்டு வார மளிகை" என்றார். சரி, பிறந்தநாள் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வாங்கினேன்.

நாங்கள் இருந்தது ஜெர்சி சிட்டியில், ஜர்னல் ஸ்கொயர் பக்கம். பாத் ரயிலில் பதினான்காம் தெரு, அங்கிருந்து எல் ரயில். அது கிழக்கு ஆற்றுக்கு அடியில் புகுந்து புரூக்ளின் போகும். கிராண்ட் தெரு நிலையத்தில் இறங்கி, பனி உறைந்த நடைபாதையில் வழுக்கி வழுக்கி மாஜர் தெருவுக்கு நடந்தேன். பழைய மூன்று மாடிக் கட்டடம். தியேட்டர் என்று அடையாளம் சொல்ல எதுவும் இல்லை. உள்ளே போனால் அது 'கிங்ஸ்லண்ட் வார்டு' என்ற கற்பனை மருத்துவமனை. வரவேற்பவர் கம்பெனி ஆளா, கதாபாத்திரமா என்று சொல்ல முடியவில்லை. சின்னக் கிளாஸில் ஏதோ மூலிகை வாசனை வந்த பானம் ஒன்றைத் தந்தார்கள். கூடவே ஒரு சாவிக்கொத்து. பெரிய கதவுச் சாவிகள் அல்ல. அஞ்சறைப் பெட்டிக்குப் பூட்டு இருந்தால் சாவி எவ்வளவு சின்னதாக இருக்குமோ அவ்வளவு.

டாக்டர் வேஷத்தில் இருந்தவர் விதிகளைச் சொன்னார். உங்களிடம் பேசினால் ஒழிய நீங்கள் பேச வேண்டாம். மூடிய கதவை நீங்களாகத் திறக்க வேண்டாம். மற்றபடி இழுப்பறை, பெட்டி, அலமாரி எதையும் சாவி போட்டுத் திறக்கலாம், கடிதங்களைப் படிக்கலாம். அப்புறம் ஒவ்வொருவராக, இரண்டிரண்டு பேராகக் கூட்டிப் போனார்கள். என்னோடு உட்கார்ந்திருந்த பதினான்கு பேரில் பாதிப் பேரை நான் மறுபடி வெளியே வரும்போதுதான் பார்த்தேன்.

இந்த மாதிரி நாடகங்களுக்கு 'இம்மர்சிவ்' என்று பெயர். இந்தச் சொல்லை இப்போது நகைக்கடைத் திறப்பு விழாவுக்கும் போடுகிறார்கள் என்பதால் எனக்கு அதில் மரியாதை குறைந்துவிட்டது. மேடை, இருக்கை என்ற பிரிவு கிடையாது. கதை நடக்கும் வீட்டுக்குள்ளேயே பார்வையாளர் நடமாடுவார். அவ்வளவுதான் விஷயம். நியூயார்க்கில் இதைப் பிரபலமாக்கியது 'ஸ்லீப் நோ மோர்'. லண்டன் 'பஞ்ச்டிரங்க்' குழு ஷேக்ஸ்பியரின் மக்பெத் கதையை வைத்துச் செய்தது. நியூயார்க்கின் செல்சி பகுதியில் 2011-ல் தொடங்கி 2025 ஜனவரி வரை ஓடியது. 'தென் ஷி ஃபெல்' பார்ப்பதற்கு முந்தின வருடம் அதையும் பார்த்திருந்தேன். நூற்றுக்கணக்கான பேர், எல்லோருக்கும் வெள்ளை முகமூடி, மாடி மாடியாக ஓட்டம். யாரோ ஒரு நடிகர் ஓடினார் என்று ஐம்பது பேர் படியில் ஓட, ஐம்பது பேர் ஓடுகிறார்களே என்று நானும் ஓடினேன். தி.நகர் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிறு கூட்டம் போகும் திசையில் போவோமே, அது மாதிரி. அதிலும் எப்போதாவது ஒரு நடிகர் யாராவது ஒருவரை மட்டும் அறைக்குள் இழுத்துப்போய், முகமூடியைக் கழற்றி, காதில் ஏதாவது சொல்லி அனுப்புவார். அந்த அதிர்ஷ்டத்துக்காகத் திரும்பத் திரும்பக் காசு கட்டி வருகிறவர்கள் உண்டு. எனக்குக் கிடைக்கவில்லை.

'தேர்டு ரெயில் புராஜெக்ட்ஸ்' என்ற புரூக்ளின் குழு செய்ததுதான் 'தென் ஷி ஃபெல்'. ஜாக் மோரிஸ், டாம் பியர்சன், ஜெனின் வில்லெட் மூவரும் நடனப் பின்னணி உள்ளவர்கள். அவர்கள் அந்த அதிர்ஷ்டத்தையே முழு நாடகமாக்கிவிட்டார்கள். ஓட வேண்டாம். உங்கள் முறை வரும். வந்துகொண்டே இருக்கும்.

தொப்பிக்காரர் அறையில் என்னை மேஜையில் உட்கார வைத்து, பேனாவைக் கொடுத்து, தான் சொல்லச் சொல்ல ஒரு கடிதம் எழுத வைத்தார். மின்னல் வேகத்தில் சொல்கிறார், பாதியில் மாற்றுகிறார், என் எழுத்தை எட்டிப் பார்த்து முகம் சுளிக்கிறார். எனக்கு நாலாம் வகுப்பு டிக்டேஷன் நினைவு வந்து உள்ளங்கை வேர்த்தது. இன்னோர் அறையில் வெள்ளை ரோஜாவுக்குச் சிவப்புச் சாயம் தீட்டச் சொன்னார்கள். ஓர் இடத்தில் கண்ணாடிச் சட்டம் ஒன்று. இந்தப் பக்கம் ஓர் ஆலிஸ், அந்தப் பக்கம் இன்னோர் ஆலிஸ், ஒருத்தியின் பிம்பமாக இன்னொருத்தி. ஆம், நாடகத்தில் இரண்டு ஆலிஸ்கள். சட்டத்தில் கண்ணாடி இல்லை என்பது ஒருத்தி கை நீட்டும்வரை எனக்கு உறைக்கவில்லை. தேநீர் விருந்தில் கோப்பைகளும் தட்டுகளும் கையிலிருந்து கைக்குப் பறந்தன. யார் மடியிலும் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

சும்மா விட்ட நேரமும் உண்டு. ஓர் அலுவலக அறையில் என்னைத் தனியே விட்டுப் போய்விட்டார்கள். சாவிக்கொத்தை எடுத்து ஒவ்வொரு பூட்டாகப் போட்டுப் பார்த்தேன். அடுத்தவர் பீரோவைத் திறக்கிற குற்ற உணர்ச்சி முதல் பூட்டுக்கு மட்டும்தான். மூன்றாவது பூட்டில் நான் எங்கள் பெரிய அத்தை ஆகிவிட்டேன். கடிதங்கள், மருத்துவக் குறிப்புகள், எல்லாம் ஆலிஸ் கதையை எழுதிய லூயிஸ் கரோல் என்ற மனிதரைச் சுற்றி.

நாடகம் சுற்றுவது ஒரு கிழிந்த பக்கத்தைச் சுற்றி. கரோலின் நிஜப் பெயர் சார்லஸ் டாட்ஜ்சன், ஆக்ஸ்ஃபோர்டில் கணித விரிவுரையாளர். 1862 ஜூலை 4 அன்று, கல்லூரித் தலைவர் ஹென்றி லிடலின் மூன்று பெண் குழந்தைகளைத் தேம்ஸில் படகில் கூட்டிப் போனபோது அவர்களுக்காகச் சொன்ன கதைதான் பிறகு 1865-ல் புத்தகமானது. நடு மகள் ஆலிஸுக்கு அப்போது 10 வயது. 1863 ஜூன் கடைசியில் லிடல் குடும்பத்துக்கும் அவருக்கும் திடீரென்று உறவு முறிந்தது. அந்த நாட்களுக்கான நாட்குறிப்புப் பக்கத்தை யாரோ வெட்டி எடுத்திருக்கிறார்கள். 13 தொகுதிகளில் 4 தொகுதிகளே காணோம். என்ன நடந்தது என்று எழுதித் தள்ளியவர்கள் ஏராளம். இந்த நாடகம் அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று சொல்ல முயலவில்லை. அது எனக்குப் பிடித்தது. படிக்கட்டில் கரோலும் ஆலிஸும் ஆடும் ஒரு காட்சி உண்டு. நெருங்குகிறார்கள், விலகுகிறார்கள், சுவரில் சாய்கிறார்கள், யாரும் பேசவில்லை. ஆடுபவள் வளர்ந்த பெண். கதையில் அவள் குழந்தை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயிற்றில் ஏதோ சங்கடம் செய்தது. அந்தச் சங்கடத்தை அவர்கள் துடைத்துவிடவில்லை. அது நேர்மை என்று நினைக்கிறேன். ஆனால் அவ்வளவு அழகாக ஆடியிருக்க வேண்டுமா என்று இன்றும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது.

எனக்கு நாடகத்தில் ஈடுபாடு வந்தது கூத்திலிருந்து. செய்யாறு பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கூத்துக்குப் பேர் போன புரிசையும் எங்கள் தாலுக்காவில்தான் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசி நாள் காலை படுகளம், சாயங்காலம் தீமிதி. ஆகவே 'பார்வையாளரும் பங்கேற்கும் புதுமை' என்று அமெரிக்கப் பத்திரிகைகளில் படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். பகாசுரன் கதை அன்று பீமன் வண்டியில் ஏறித் தெருத் தெருவாக வருவான். வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் கொண்டுபோய்க் கொடுப்போம். ஊரே ஏகசக்கரபுரம் ஆகிவிடும். விராட பர்வத்தில் நிஜ மாட்டை ஓட்டிப் போவார்கள். படுகளத்துக்கு மண்ணில் பிரம்மாண்டமாகத் துரியோதனனைப் படுக்க வைத்திருப்பார்கள். வேஷம் கட்டின பீமனும் துரியோதனனும் அந்த உடம்பைச் சுற்றி, கூட்டத்துக்குள் புகுந்து ஓடித் துரத்துவார்கள். கடைசியில் அந்த மண் தொடை பிளந்து சிவப்பு வழிய, திரௌபதி விரித்த கூந்தலை முடிப்பாள். பெண்கள் அந்த மண்ணில் ஒரு பிடி வீட்டுக்கு எடுத்துப் போவார்கள்.

இதைத் தோழியிடம் பெருமையாகச் சொன்னபோது, "அப்படியானால் உனக்கு இங்கே புதிதாக ஒன்றும் இருக்காதே" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்துப் போனேன். தலை வாரும் அறைவரை.

கூத்தில் நாம் எவ்வளவு உள்ளே போனாலும் ஊரோடு போகிறோம். சோறு போடுவது ஊர், மண் எடுப்பது ஊர், அழுவதும் ஊர். கூத்துக் கோமாளியான கட்டியக்காரன் முன்வரிசைப் பையனை எழுப்பிக் கிண்டல் செய்தாலும், சுற்றி ஆயிரம் பேர் சிரிக்கும் சிரிப்புக்குள் அவன் ஒளிந்துகொள்ளலாம். 'ஸ்லீப் நோ மோர்' நாடகத்தில் ஒளிய முகமூடி இருந்தது. இங்கே எதுவுமில்லை. நான் பேசாமல் இருந்தால் அறை பேசாமல் இருக்கும். நான் பிரஷ்ஷை நிறுத்தினால் நாடகம் நிற்கும். அந்தக் கேள்வியை அவள் என்னைத் தவிர வேறு யாரிடமும் கேட்கவில்லை. இருட்டில் நாலாவது வரிசையில் உட்கார்ந்து 'பாவம் அந்தக் கதாநாயகி' என்று உச்சுக்கொட்டுவது எவ்வளவு சுகம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ஏன் பொய் சொன்னேன் என்று ரயிலில் திரும்பும்போது யோசித்தேன். அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அம்மா கேட்டதில்லை, கேட்கவும் முடியாது. தோழிகள் ஊகித்துக் கிண்டல் செய்வார்கள், அது கேட்பதாகாது. பெண் பார்க்க வந்த இடத்தில் இவர் கேட்டது, "உங்களுக்கு எப்போதாவது வேறு ஏதாவது...?" என்ற அரைவாக்கியம். அதற்கு 'இல்லை' என்று பதில் சொல்லி அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. முப்பத்திரண்டு வயதில், ஆயிரக்கணக்கான மைல் தள்ளி, முன்பின் தெரியாத ஒரு நடிகை நிதானமாக, பதிலுக்காகக் காத்திருந்து கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. டிக்கெட்டுக்கு இவ்வளவு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்று நானே ஒரு வேஷம் கட்டிவிட்டேன். அந்த அறையில் நடித்தவர்கள் இரண்டு பேர்.

ஒன்று சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் கை வாருவதை விட்டுப் பின்னத் தொடங்கிவிட்டது. மூன்று பிரி எடுத்து இரண்டு பின்னல் போட்ட பிறகுதான் கவனித்தேன். அவள் வாரச் சொன்னாள், பின்னச் சொல்லவில்லை! அடுத்த காட்சிக்கு அவள் விரித்த தலையோடு போக வேண்டியிருக்கும். கையை இழுத்துக்கொண்டேன். "பரவாயில்லை" என்பது போல் அவள் தலையை லேசாக அசைத்தாள். எங்கோ சுவருக்கு அப்பால் இசை மாறியது. அவள் எழுந்து, கையால் ஒருமுறை கோதி என் பின்னலை அவிழ்த்துவிட்டு, என் கையைப் பிடித்து அடுத்த கதவுக்குக் கூட்டிப் போனாள்.

அந்த இசையை அப்புறம்தான் கவனிக்க ஆரம்பித்தேன். கட்டடம் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கிறது. அது மாறும்போதெல்லாம் எங்கேயோ ஒரு கதவு திறக்கிறது, ஒரு கதவு சாத்துகிறது. எங்களைவிடக் குறைவான நடிகர்கள், மூன்று மாடி, பதினைந்து பேருக்கும் வேறு வேறு வரிசை. ஓர் அறையில் நான் ரோஜாவுக்குச் சாயம் தீட்டி முடிக்கும் நொடியில் அடுத்த அறையில் ஒருவர் எழுந்திருக்க வேண்டும். நான் பதிலை இழுத்தால் அவளுக்கு எங்கே நேரம் வெட்டுவது என்று தெரிந்திருக்க வேண்டும். கூத்தில் முகவீணையும் மத்தளமும் ஆட்டக்காரர் காலைப் பார்த்து வாசிப்பார்கள், வாத்தியார் ஒரு பாட்டைக் கூட்டுவார், குறைப்பார். இங்கே இசை நிற்காது. நடிகர்தான் மனிதனைப் பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். அந்த நெருக்கம் எல்லாம் கடிகாரத்துக்குள் அடங்கிய நெருக்கம் என்று தெரிந்தபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை, மலைப்புதான் வந்தது. ஒரு ராத்திரிக்கு இரண்டு காட்சி. என் பொய் போல எத்தனை பொய்களை அந்தப் பெண் முதுகால் கேட்டிருப்பாள்?

இரண்டு வருடம் கழித்து, 2018 பிப்ரவரியில், 'ஸ்லீப் நோ மோர்' நடிகர்கள் சிலர் 'பஸ்ஃபீட் நியூஸ்' தளத்திடம் பேசியிருந்ததைப் படித்தேன். முகமூடி போட்ட பார்வையாளர்கள் இருட்டில் தங்கள் மேல் கைவைத்தது பற்றி. படித்ததும் எனக்கு நினைவு வந்தது அந்தப் பிரஷ்தான். "வாரிவிடுகிறீர்களா?" என்று அவள் கேட்டதை ஒரு மரியாதைப் பேச்சு என்றுதான் அன்று நினைத்தேன். அது கதவு. அவள் திறந்தாள், பிரஷ் அளவுக்குத் திறந்தாள். 'மூடிய கதவை நீங்களாகத் திறக்க வேண்டாம்' என்று டாக்டர் சொன்னது மரக்கதவுக்கு மட்டும் இல்லை.

எங்கள் ஊர்க் கூத்தில் திரௌபதி துகிலுரிதல் ஆடும் அன்று ஒன்று நடக்கும். துச்சாதனன் வேஷக்காரர் ஆர்ப்பாட்டமாக வந்து, சபை அதிர ஆடி, திரௌபதியை நெருங்கிவிடுவார். திரௌபதி வேஷமும் ஆண்தான், பகலில் டீக்கடையில் பார்க்கிற ஆள்தான். ஆனாலும் துகிலில் கைவைக்கும் முன் ஆட்டம் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள். துச்சாதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாகக் கீழே விழுந்து கும்பிடுவார். கதைக்காகத்தான் தாயே தொடுகிறேன், மன்னித்துக்கொள் என்று. கூட்டத்தில் யாருக்காவது அருள் வந்துவிடும். சின்ன வயதில் அந்த இடைவெளி எனக்கு எரிச்சலாக இருக்கும்; விறுவிறுப்பான இடத்தில் இது என்ன பூஜை? நடித்தாலும் தொடுவது தொடுவதுதான் என்று அந்தக் கற்பூரம் ஏற்றுகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

'தென் ஷி ஃபெல்' 2012 அக்டோபரில் ஆரம்பித்தது. 2020 மார்ச்சில் நியூயார்க் மொத்தமும் மூடியபோது அதுவும் நின்றது, அப்புறம் திறக்கவே இல்லை. நான்காயிரத்துக்கும் மேற்பட்ட காட்சிகள். சாத்திய அறைக்குள் இரண்டு பேர் ஒரு முழம் தூரத்தில் உட்கார்ந்து மூச்சு விடுவதுதான் அதன் மூலதனம். பெருந்தொற்றுக்கு அதைவிடப் பொருத்தமான எதிரி கிடையாது. செய்தியைப் படித்த அன்று நான் என் சாவிக்கொத்தை நினைத்துக்கொண்டேன். வெளியே வரும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு பூட்டுக்கு எந்தச் சாவியும் சேரவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

2022-ல், மூன்று வருடத்துக்கு அப்புறம், ஊருக்குப் போனேன். சித்திரை வெயில். அம்மாவுக்குத் தோள் வலி, கையைத் தூக்க முடியவில்லை. மத்தியானம் திண்ணையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்து வாரிவிட்டேன். அந்த நாளில் என் இரண்டு கைக்கும் அடங்காத முடி, இப்போது எலிவால். புரூக்ளினில் ஒருத்திக்குத் தலை வாரிய கதையைச் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு கேட்டது ஒன்றுதான்:

"தலைக்கு எண்ண வெச்சிருந்தாளா அந்தப் பொண்ணு?"

"இல்லம்மா."

"அதான் சிக்கு."

கொஞ்ச நேரம் கழித்து, அவள் முதுகு என் பக்கம் இருக்கிற தைரியத்தில், அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். தமிழில் அதைக் கேட்க வார்த்தையே சரியாக அமையவில்லை. 'காதலில் விழுந்தாயா' என்று பெற்ற தாயைக் கேட்டால் சினிமா வசனம். "யாரையாச்சும் மொதமொத உனக்குப் புடிச்சிருந்துச்சாம்மா, அப்பாவுக்கு முன்னாடி?" என்று சுற்றி வளைத்தேன்.

"இன்னாடி கேள்வி இது, மத்தியான வேளையில" என்றாள். நான் வாரிக்கொண்டே இருந்தேன். நடிகையிடம் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்: கேட்டுவிட்டுக் காத்திருப்பது.

எங்கள் வீட்டில் ஓர் எலுமிச்சம்பழக் கதை உண்டு. பாரதத்தில் அர்ச்சுனன் தபசு அன்று, ஐம்பது அறுபது அடிப் பனைமரத்தை நட்டு வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடி ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம், விபூதி, வில்வம் எல்லாம் எறிவார். பிள்ளை இல்லாத பெண்கள் குளித்த ஈரத்தோடு மரத்தைச் சுற்றி மடியேந்தி இருப்பார்கள். கல்யாணமாகி நாலாவது வருடம் அம்மாவும் இருந்தாளாம். பழம் நேராக அவள் மடியில் விழுந்ததாம். மறு வருடம் நான். அந்தப் பழம் இன்றும் ஒரு எவர்சில்வர் டப்பாவில், கறுத்துச் சுண்டி, கோலிக்குண்டு மாதிரி இருக்கிறது. எந்தப் பிள்ளைக்கும் கையில் கொடுத்ததில்லை.

மூன்று பிரி எடுத்துப் பின்ன ஆரம்பித்தேன்.

"அந்த வருஷம் அர்ச்சுனன் கட்டினவருக்கு நல்ல கொரலு" என்றாள் அம்மா, தெருவைப் பார்த்துக்கொண்டு. "மேல ஏறினதும் ஒவ்வொருத்தியா பாத்தாரு. அப்புறம்தான் போட்டாரு."

நான் ஒன்றும் பேசவில்லை.

"நுனி வரைக்கும் இறுக்கிப் பின்னு" என்றாள். "அவுந்துடப் போவுது."